சமைக்க நேரமில்லையா? அளவாகச் சாப்பிட அது தடையில்லை

சமையல் என்றால் காத தூரம் ஓடுபவரா நீங்கள்? அல்லது சமைக்கத் தெரிந்தும், 237-இலும் 880-இலும் ஊர்ந்து மில்பிடாஸ் வந்து சேரும்போது மணி எட்டாகிவிட, அதன்பின் வெங்காயம் நறுக்க மனம் வராதவரா? இரண்டில் எதுவானாலும் இந்தக் கட்டுரை உங்களுக்குத்தான்.

எடையைக் குறைக்க வேண்டும் என்று டாக்டரிடம் போனால், "வெளியில் சாப்பிடாதீர்கள், வீட்டில் சமைத்துச் சாப்பிடுங்கள்" என்பார். நல்ல அறிவுரைதான். ஆனால் சமைக்காதவருக்கு அந்த அறிவுரை அதோடு முடிந்துபோகிறது. அவர் வீட்டுக்கு வந்து உறைந்த பரோட்டா இரண்டைத் தவாவில் போட்டு, ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு, டிவி முன்னால் ஒரு கிண்ணம் மிக்சருடன் உட்கார்ந்துவிடுகிறார். அதுவும் வீட்டுச் சாப்பாடுதானே!

உண்மையில் குறைந்த கலோரி உணவுக்குச் சமையல் திறமை தேவையில்லை. எதை வாங்கி வைப்பது, எதோடு எதைச் சேர்ப்பது, எவ்வளவு எடுத்துக்கொள்வது என்று தெரிந்தால் போதும்.

ஒல்லியாக இருப்பவர்களுக்கும் இது ஏன்?

"எனக்கென்ன, நான் குண்டாகவா இருக்கிறேன்?" என்று கேட்பவர்கள் நம்மில் நிறைய. அவர்களுக்காக ஒரு செய்தி. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளியானது. புனே கே.இ.எம். மருத்துவமனையின் டாக்டர் யாஜ்னிக் ஒரு பக்கம், லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கின் மறுபக்கம். இருவரும் பார்ப்பதற்கு ஒல்லி. உயரத்துக்கு ஏற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. எண் இருவருக்கும் ஒன்றேதான், 22.3. ஆனால் உடலில் உள்ள கொழுப்பை அளந்து பார்த்தால் லண்டன்காரருக்கு 9.1 சதவீதம், புனேகாரருக்கு 21.2 சதவீதம்! அதாவது, நம்மவர் உடம்பில் தசை குறைவு, கொழுப்பு அதிகம். அந்தக் கொழுப்பும் பெரும்பாலும் வயிற்றைச் சுற்றித்தான் சேருகிறது. கல்லீரலையும் கணையத்தையும் தொந்தரவு செய்து சர்க்கரை நோய்க்கு வழி வகுப்பது இந்த வயிற்றுக் கொழுப்புதான்.

இது எங்கோ புனேயில் உள்ளவர்களின் பிரச்சினை அல்ல. நம் வளைகுடாப் பகுதியிலும் சிகாகோவிலும் வாழும் தெற்காசியர்களைப் பற்றி 2010-இல் ஓர் ஆய்வு தொடங்கியது. அதன் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'மசாலா' என்று வரும். பெயர் வைத்தவர் நிச்சயம் நம்மவர்தான். 40 வயதுக்கு மேற்பட்ட 906 பேர் அதில் சேர்ந்தார்கள். வயது வித்தியாசத்தைச் சரிசெய்து கணக்கிட்டபோது அவர்களில் 23 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் இருந்தது. ஒப்பிட்டுப் பார்த்த வெள்ளையரிடம் இது 6 சதவீதம், சீனர்களிடம் 13 சதவீதம். மவுண்டன் வியூவில் உள்ள எல் கமினோ மருத்துவமனை 2006-இலேயே தெற்காசியர்களுக்கென்று தனியாக ஓர் இதய மையத்தைத் தொடங்கியதற்கும் இப்படிப்பட்ட கவலைதான் காரணம்.

ஆகவே பொதுவான அட்டவணையில் 25 வரை 'நார்மல்' என்றிருந்தாலும், நாம் 23-ஐத் தாண்டினாலே விழித்துக்கொள்ள வேண்டும். 5 அடி 7 அங்குல உயரமுள்ள ஒருவருக்கு 23 என்பது சுமார் 146 பவுண்டு. 5 அடி 3 அங்குலம் என்றால் சுமார் 130 பவுண்டு. இதைவிட எளிய சோதனை ஒரு தையல் டேப். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்புக்கும் நடுவில், மூச்சை வெளியே விட்டபின் சுற்றளவைப் பாருங்கள். நம்மவர்களில் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் (சுமார் 35 அங்குலம்), பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் (சுமார் 31 அங்குலம்) எல்லை. பேன்ட் அளவைச் சொல்லித் தப்பிக்க முடியாது. பேன்ட்டைத் தொப்பைக்குக் கீழே போடுகிறோம் என்பது நமக்கே தெரியும்.

கலோரி எங்கே ஒளிந்திருக்கிறது?

எடை குறைக்க விரும்பும் பெண்களுக்கு நாளைக்கு 1200 முதல் 1500 கலோரி, ஆண்களுக்கு 1500 முதல் 1800 என்று பொதுவாகச் சொல்வார்கள். இதைவிடக் கீழே இறங்குவது டாக்டர் சொல்லாமல் செய்யக் கூடாத காரியம். இந்தக் கணக்கில் நம் சாப்பாடு எங்கே இடிக்கிறது என்று பார்ப்போம்.

முதல் இடம் எண்ணெய்க்கு. ஒரு டீஸ்பூன் எண்ணெயோ நெய்யோ 40 கலோரி. ஒரு டேபிள்ஸ்பூன் 120. நல்லெண்ணெய், ஆலிவ் எண்ணெய், தேங்காய் எண்ணெய் எல்லாம் இந்த விஷயத்தில் ஒன்றுதான். பாட்டிலைச் சாய்த்து 'கொஞ்சம்' ஊற்றினால் அது எப்போதும் டேபிள்ஸ்பூனுக்கு மேல்தான் இருக்கும். எண்ணெயை அளந்து ஊற்றினாலே பாதி வேலை முடிந்தது.

அடுத்தது சோறு. சாம்பார் சாதம், ரசம் சாதம், தயிர் சாதம் என்று மூன்று சுற்று சாப்பிட்டால் மூன்று கப் சுலபமாக உள்ளே போய்விடும். வெள்ளைச் சோறு ஒரு கப் சுமார் 200 கலோரி. மூன்று கப் 600. குழம்பும் கறியும் தனி. 21 நாடுகளில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானவர்களைக் கவனித்து, சென்னை டாக்டர்களும் பங்கேற்று 2020-இல் வெளியிட்ட ஆய்வில், தினமும் 450 கிராமுக்கு மேல், அதாவது ஏறக்குறைய இந்த மூன்று கப், சோறு சாப்பிட்டவர்களுக்கு, ஒரு கப்புக்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிடச் சர்க்கரை நோய் அதிகமாக வந்தது. அந்தத் தொடர்பு மிக வலுவாகத் தெரிந்தது தெற்காசியாவில்தான். சோற்றை விடச் சொல்லவில்லை. மூன்று சுற்றில் ஒரு சுற்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்தச் சுற்று என்பது அவரவர் விருப்பம்.

மூன்றாவது, யாரும் கணக்கில் சேர்க்காத காபி. முழுக்கொழுப்புப் பால் அரை கப், சர்க்கரை இரண்டு டீஸ்பூன் என்று ஒரு நாளைக்கு மூன்று காபி குடித்தால் ஏறக்குறைய 320 கலோரி. கொழுப்பில்லாத பாலும் ஒரு ஸ்பூன் சர்க்கரையும் என்று மாற்றினால் அது 175 ஆகும். டிக்காஷன் கெட்டியாக இருந்தால் வித்தியாசம் அதிகம் தெரியாது. தண்ணீர்க் காபி குடிப்பவர்களுக்கு நான் உத்தரவாதம் தர முடியாது.

பிறகு நொறுக்குத் தீனி. மிக்சர் பாக்கெட்டின் பின்னால் 28 கிராம் என்று போட்டு 150, 160 கலோரி என்று காட்டியிருப்பார்கள். 28 கிராம் என்பது ஒரு கைப்பிடி. ஒரு கைப்பிடியோடு நிறுத்தியவர் யாராவது இருக்கிறாரா? உறையைப் படிக்கும்போது முதலில் பார்க்க வேண்டியது கலோரியை அல்ல, எவ்வளவுக்கு அந்தக் கலோரி என்பதைத்தான். சூடு செய்து சாப்பிடும் பருப்பு, பனீர் பைகள் பலவற்றில் ஒரு பை இரண்டு பேருக்கு என்று கணக்கு இருக்கும்; நாம் முழுப் பையையும் ஒருவரே சாப்பிடுவோம். அதே உறையில் சோடியம் எத்தனை சதவீதம் என்றும் பாருங்கள். 5 சதவீதமோ அதற்குக் குறைவோ என்றால் நல்லது, 20 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் உப்பு மிக அதிகம்.

சமைக்காமல் ஒரு தட்டு

தட்டில் பாதி காய், கால் பங்கு புரதம், கால் பங்கு சோறு அல்லது சப்பாத்தி. இந்தப் படத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். சமைக்காதவர் வீட்டில் முதலில் காணாமல் போவது காய், அடுத்தது புரதம். மிஞ்சுவது மாவுச்சத்து மட்டும். அதனால்தான் சாப்பிட்ட இரண்டு மணி நேரத்தில் மறுபடி பசி எடுக்கிறது. காயும் புரதமும் வயிற்றை நிரப்பி, அதிக நேரம் தாங்கும்; கலோரியும் குறைவு.

காய்க்கு உறைந்த காய்கறிப் பைகளை வாங்குங்கள். "ஃபிரீசரில் இருப்பதில் சத்து இருக்காது" என்பது தவறான எண்ணம். பறித்தவுடன் உறைய வைப்பதால், குளிர்பெட்டியில் ஒரு வாரம் வாடிக்கிடந்த பீன்ஸைவிட அது ஒன்றும் மோசமில்லை. பசலைக் கீரை 10 அவுன்ஸ் பொட்டலம் முழுவதும் 80 கலோரிக்கு மேல் போகாது. கழுவி நறுக்கிய கீரைப் பைகள், குட்டி கேரட், வெள்ளரிக்காய், செர்ரித் தக்காளி ஆகியவற்றுக்குக் கத்தியே தேவையில்லை.

புரதத்துக்கு நிறைய வழி இருக்கிறது. கொழுப்பில்லாத கிரேக்கத் தயிர் 170 கிராமில் 100 கலோரி, புரதம் 17 கிராம். ஒரு முட்டை 70 கலோரி, புரதம் 6 கிராம்; வேகவைத்து உரித்த முட்டையே கடையில் கிடைக்கிறது. டப்பாவில் வரும் கொண்டைக்கடலை, ராஜ்மா, கறுப்பு பீன்ஸ் அரை கப் 110 முதல் 130 கலோரி. டப்பாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு நன்றாக அலசினால் உப்பு கணிசமாகக் குறைந்துவிடும். அசைவம் சாப்பிடுபவர்கள் கடையில் சுட்டு வைத்திருக்கும் முழுக்கோழியை வாங்கித் தோலை எடுத்துவிட்டு, மூன்று நான்கு நாளைக்குப் பிரித்து வைத்துக்கொள்ளலாம். பார்பர் லேன் பக்கம் உள்ள சீன மளிகைக் கடைக்கு நம்மவர்கள் கீரைக்கும் கத்திரிக்காய்க்கும் போவதுண்டு. அப்படியே டோஃபு வரிசையையும் ஒரு முறை பாருங்கள். கெட்டியான டோஃபு 85 கிராமில் சுமார் 80 கலோரி, புரதம் 8, 9 கிராம். பனீரோடு ஒப்பிட்டால் கொழுப்பு மிகக் குறைவு. மிளகுப்பொடி, எலுமிச்சை போட்டுச் சாப்பிட்டால் வாய்க்கு ஒத்துக்கொள்ளும். மற்றபடி ருசி பனீர் போல இருக்கும் என்று சொன்னால் அது பொய்.

மைக்ரோவேவும் ரைஸ் குக்கரும்

இனி நாலைந்து நிமிடத்தில் தயாராகும் சில உணவுகள்.

சுண்டல்: அலசிய கொண்டைக்கடலையை மைக்ரோவேவில் ஒன்றரை நிமிடம் சூடாக்கி, எலுமிச்சைச் சாறு, பச்சை மிளகாய், ஒரு ஸ்பூன் தேங்காய்த் துருவல், கேரட் சேர்த்துக் கலக்குங்கள். தாளிக்காவிட்டால் சுண்டல் கோபித்துக்கொள்ளாது. ஒரு டப்பா மூன்று பேருக்கு வரும்.

முட்டை: பெரிய காபிக் கோப்பையில் இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, ஒரு கைப்பிடி உறைந்த கீரை, மிளகு, உப்பு போட்டு அடித்து, அரை அரை நிமிடமாக வைத்துக் கிளறினால் ஒன்றரை அல்லது இரண்டு நிமிடத்தில் வெந்துவிடும். சுமார் 160 கலோரி. ஓட்டோடு முட்டையை மைக்ரோவேவில் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

இட்லி: மாவு இந்தியக் கடைகளில் டப்பாவிலேயே கிடைக்கிறது. மைக்ரோவேவுக்கான பிளாஸ்டிக் இட்லித் தட்டு ஒன்று வாங்கிக்கொண்டால், அடியில் தண்ணீர் ஊற்றி ஐந்து நிமிடத்தில் இட்லி தயார். ஓர் இட்லி 50, 60 கலோரிதான், எண்ணெயும் கிடையாது. இங்கே கெடுப்பது இட்லி அல்ல, மிளகாய்ப்பொடியில் குழைக்கும் நல்லெண்ணெய். அதை ஒரு டீஸ்பூனோடு நிறுத்துங்கள், அல்லது பொடியைத் தயிரில் குழையுங்கள். முகம் சுளிக்காமல் ஒரு முறை செய்து பாருங்கள்.

தயிர் சாதம்: அரை கப் சோறு, 170 கிராம் கொழுப்பில்லாத தயிர், அதே அளவு வெள்ளரி, கேரட் துருவல். ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம் தாளித்தாலும் 270 கலோரிக்குள் அடங்கும். சோறும் தயிரும் வழக்கமான விகிதத்தில் இல்லாமல் தலைகீழாக இருப்பதுதான் இதில் விஷயம்.

ரைஸ் குக்கர் வைத்திருப்பவர்கள் ஞாயிறு மாலை ஒரு பொங்கல் போடலாம். பாசிப்பருப்பு அரை கப், அரிசி கால் கப், உறைந்த கலவைக் காய் இரண்டு கப், மிளகு, சீரகம், இஞ்சி, நான்கு கப் தண்ணீர். குக்கர் பாதிக்கு மேல் நிரம்பினால் பொங்கி வழியும், பார்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் இரண்டு டீஸ்பூன் நெய். மொத்தம் சுமார் 740 கலோரி, இரண்டு வேளைக்கு வரும், வேளைக்கு 370. ஊர்ப் பொங்கலில் அரிசி அதிகம், பருப்பு குறைவு. இங்கே அதை மாற்றிவிட்டோம். ஹோட்டல் பொங்கல் போல நெய் மிதக்காது என்பதைச் சாப்பிடுபவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

ரசத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பென்சில்வேனியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், சாப்பாட்டுக்கு முன் தண்ணீரான சூப் குடித்தவர்கள், சூப்பின் கலோரியையும் சேர்த்துக் கணக்கிட்டாலும், மொத்தத்தில் 20 சதவீதம் குறைவாகச் சாப்பிட்டார்கள். அந்த வேலையை நம் ரசம் தாராளமாகச் செய்யும். ரசப்பொடி, தக்காளி, கொஞ்சம் புளிக்கரைசல், தண்ணீர் எல்லாவற்றையும் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மைக்ரோவேவ் செய்து, ஒரு டம்ளர் குடித்துவிட்டுச் சாப்பிட உட்காருங்கள். சோற்றில் ஊற்றிக் குடித்தால் கணக்கு மாறிவிடும். உப்பைக் குறைத்துப் போடுங்கள்.

வெளியில் சாப்பிடும்போது

இருபதும் அதற்கு மேலும் கிளைகள் உள்ள உணவகங்கள் மெனுவிலேயே கலோரியைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் 2018 முதல் நாடு முழுவதும் அமலில் இருக்கிறது. அதனால் நம் ஊர் ஓட்டலைவிடச் சிப்போட்லே போன்ற கடைகளில் கணக்குப் போடுவது எளிது. அந்நிறுவனம் வெளியிடும் அளவுகளின்படி கோழி 180, கறுப்பு பீன்ஸ் 130, வதக்கிய காய் 20, தக்காளி சால்சா 25, கீரை 5. கிண்ணத்தில் இவ்வளவும் வாங்கினால் 360 கலோரி, வயிறும் நிரம்பும். இதையே சோற்றோடு (210) பரிட்டோவாகச் சுற்றி (அந்த மைதா ரொட்டி மட்டும் 320), சீஸ் 110, புளிப்பு கிரீம் 110 சேர்த்தால் 1110. ஒரே கடை, ஒரே வரிசை! சைவர்கள் கோழிக்குப் பதில் பீன்ஸை இரட்டிப்பாகக் கேட்கலாம்.

நம் உணவகங்களில் இந்த எண்கள் இருக்காது. அங்கே எண்ணெய் மினுமினுப்பே எச்சரிக்கை. இட்லி சாம்பார், ரசம், தந்தூரிக் கோழி, கீரை, காய்க் கூட்டு எல்லாம் பரவாயில்லை. நெய் ரோஸ்ட், வடை, கோபி மஞ்சூரியன், நான் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றைப் பகிர்ந்து சாப்பிடுங்கள். மதிய பஃபேயில் கொடுத்த காசுக்குச் சாப்பிட வேண்டும் என்ற நியாயம் நம்மை விட்டுப் போகாது. ஆகையால் பஃபேவுக்கே போகாமல் இருப்பதுதான் ஒரே வழி. அலுவலகத்தில் இலவசமாகக் கிடைக்கும் பாதாமும் கலோரி இல்லாததல்ல, 23 பருப்பு 160 கலோரி. நல்ல உணவுதான், எண்ணிச் சாப்பிட வேண்டும்.

ஊரிலிருந்து அம்மா வந்து தங்கும் மாதங்களுக்கு இதில் எதுவும் செல்லுபடியாகாது என்பது தெரியும். அம்மாவிடம் கலோரிக் கணக்குச் சொல்வதைவிட, காயை இரண்டு மடங்கு செய்யச் சொல்லிக் கேளுங்கள். அது நடக்கும்.

ரத்தப் பரிசோதனையும் சில எச்சரிக்கைகளும்

சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006-இல் முடிவை வெளியிட்டார்கள். உணவையும் நடையையும் திருத்திக்கொண்டவர்களிடம் நோய் வரும் வாய்ப்பு 28.5 சதவீதம் குறைந்தது. மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் எடுத்தவர்களிடம் 26.4 சதவீதம். எடை பெரிதாகக் குறையாமலே இந்தப் பலன் கிடைத்தது. தராசு முள் அசையவில்லையே என்று இரண்டாவது வாரத்திலேயே கைவிடுபவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

ஆண்டுப் பரிசோதனைக்குப் போகும்போது ஏ1சி பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். 5.7 முதல் 6.4 வரை என்றால் விளிம்பு நிலை. உங்கள் எடை 'நார்மல்' என்று டாக்டர் தயங்கினால், ஆசியர்களுக்கு பி.எம்.ஐ. 23-லேயே சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் 2015-இல் அறிவித்ததைச் சொல்லுங்கள்.

ஏற்கனவே இன்சுலினோ, கிளிபிசைடு, கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகளோ எடுப்பவர்கள் டாக்டரிடம் பேசாமல் சோற்றைத் திடீரெனப் பாதியாக்கக் கூடாது. மருந்தின் அளவு அப்படியே இருந்து மாவுச்சத்து குறைந்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். இரவு நேரத்தில் அது தெரியாமலே போகலாம். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் புரதத்தைக் கூட்டும் முன் கேட்டுக்கொள்ள வேண்டும். கர்ப்பிணிகளுக்கும், பாலூட்டும் தாய்மார்களுக்கும், வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கலோரிக் கணக்கு பொருந்தாது. பிள்ளைகளுக்கு அதே சுண்டலையும் முட்டையையும் தயிர் சாதத்தையும் கொடுங்கள், அளவு மட்டும் அவர்கள் பசியைப் பொறுத்தது.